மாட் மேனேஜரில் எந்த ஃபோல்டரை எங்கே வைப்பது?

கேள்வி: ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷன் கேம் டி டிரைவில் இருக்கிறது. வோர்டெக்ஸ் என்ற மாட் மேனேஜரை சி டிரைவில் போட்டு, செட்டிங்ஸில் எதையும் தொடாமல் ஐம்பது அறுபது மாட்கள் (கேமை மாற்றும் கூடுதல் ஃபைல்கள்) இறக்கினேன். எல்லாம் இன்ஸ்டால் ஆனதாகக் காட்டுகிறது, ஆனால் கேமைத் திறந்தால் ஒன்றுமே மாறவில்லை. டிப்ளாய் செய்ய முடியாது என்று ஒரு அறிவிப்பு வேறு. சி டிரைவும் நிரம்பிவிட்டது. சி-யில் இருக்கும் மாட் ஃபோல்டரை அப்படியே வெட்டி டி-யில் ஒட்டிவிடலாமா? இல்லை, பேசாமல் மாட் ஆர்கனைசர் என்ற இன்னொரு மேனேஜருக்கு மாறிவிடலாமா?

பதில்:

வெட்டி ஒட்ட வேண்டாம். அதைச் செய்வதற்கு முன் கேட்டீர்களே, அதுவே பெரிய வேலையை மிச்சப்படுத்திவிட்டது. மாறுவதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். முதலில், என்ன நடந்திருக்கிறது என்று பார்ப்போம்.

வோர்டெக்ஸ் ஒரு மாட்டை இன்ஸ்டால் செய்யும்போது அதன் ஃபைல்கள் நேராக கேமுக்குள் போவதில்லை. ஸ்டேஜிங் ஃபோல்டர் என்ற இடத்தில் ஒவ்வொரு மாட்டுக்கும் ஒரு தனி ஃபோல்டர் போட்டு, அதில் பிரித்து வைக்கிறது. டிப்ளாய் செய்யும்போதுதான் அங்கிருந்து கேமின் டேட்டா ஃபோல்டருக்கு ஒரு தொடர்பு போடுகிறது. நீங்கள் எதையும் மாற்றாவிட்டால் ஸ்டேஜிங் ஃபோல்டர் சி டிரைவில் உங்கள் யூசர் ஃபோல்டருக்குள், ஆப்டேட்டாவில், ரோமிங்கில், வோர்டெக்ஸில் போய் உட்காரும். டவுன்லோட் ஃபோல்டரும் அங்கேதான். உங்கள் சி டிரைவ் நிரம்பியதற்கு இந்த இரண்டும்தான் காரணம். வோர்டெக்ஸ் நிரல் எந்த டிரைவில் இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அதை சி-யிலேயே விட்டுவிடுங்கள்.

டிப்ளாய் ஏன் மறுக்கிறது? வோர்டெக்ஸ் போடும் அந்தத் தொடர்பின் பெயர் ஹார்ட்லிங்க். விண்டோஸ் ஃபைல்களைச் சேமிக்கும் என்டிஎஃப்எஸ் அமைப்பில் ஒரு ஃபைலின் பெயர் வேறு, அதன் உள்ளடக்கம் வேறு. உள்ளடக்கம் டிஸ்கில் ஒரு முறைதான் இருக்கும்; அதற்கு இரண்டு மூன்று பெயர்களை வெவ்வேறு ஃபோல்டர்களில் வைத்துக்கொள்ளலாம். கேமைக் கேட்டால் அந்த ஃபைல் டேட்டா ஃபோல்டரில் இருக்கிறது என்று சொல்லும், வோர்டெக்ஸைக் கேட்டால் ஸ்டேஜிங்கில் இருக்கிறது என்று சொல்லும், இரண்டுமே உண்மை. நகல் எடுப்பதில்லை என்பதால் நூறு மாட்களைக்கூடச் சீக்கிரத்தில் போடவும் எடுக்கவும் முடிகிறது.

ஆனால் ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும், அதாவது டிஸ்கைப் பிரித்த ஒவ்வொரு பகுதிக்கும், தனித்தனி ஃபைல் அட்டவணை உண்டு. ஒரு பார்ட்டிஷனின் அட்டவணையில் இருக்கும் பெயர், அதே பார்ட்டிஷனில் இருக்கும் உள்ளடக்கத்தை மட்டுமே சுட்ட முடியும். ஸ்டேஜிங் சி-யில், கேம் டி-யில் என்றால் ஹார்ட்லிங்குக்கு வழியே இல்லை. "இரண்டும் ஒரே எஸ்எஸ்டிதானே, நடுவில் பிரித்துத்தானே வைத்திருக்கிறேன்" என்று பலர் கேட்பார்கள். அப்படியானாலும் முடியாது. டிரைவின் எழுத்து (சி, டி) வேறு என்றால் பார்ட்டிஷன் வேறு. அப்புறம், எக்ஸ்ஃபேட் அல்லது ஃபேட்32 ஆக ஃபார்மேட் செய்த டிரைவில் ஹார்ட்லிங்க் என்ற வசதியே கிடையாது. கேமை எக்ஸ்டர்னல் டிரைவில் வைத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்வார்கள். டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் எந்த ஃபார்மேட் என்று தெரியும்.

ஆகவே உங்களுக்கு வேண்டியது ஒன்றுதான்: ஸ்டேஜிங் ஃபோல்டர், கேம் இருக்கும் அதே பார்ட்டிஷனுக்கு வர வேண்டும். அதை எக்ஸ்புளோரர் வழியாகச் செய்யாமல் வோர்டெக்ஸின் கையாலேயே செய்யவைக்க வேண்டும். ஏனென்றால் எந்த மாட் எங்கே இருக்கிறது என்ற கணக்கு அதனிடம் இருக்கிறது. நாமே ஃபோல்டரைத் தூக்கினால் அதற்குத் தெரியாது. ஸ்டேஜிங் காணாமல் போய்விட்டது என்று அடுத்த முறை அலறும்.

செய்முறை இப்படி. முதலில் மாட்ஸ் பக்கத்தில் பர்ஜ் கொடுங்கள். இது கேம் ஃபோல்டரில் போட்ட லிங்க்குகளை மட்டும் எடுத்துவிடும், ஸ்டேஜிங்கில் இருக்கும் எதையும் தொடாது. உங்கள் விஷயத்தில் எதுவும் டிப்ளாய் ஆகியிருக்காது, இருந்தாலும் கொடுத்துவிடுங்கள், கெடுதல் ஒன்றுமில்லை. அப்புறம் டி டிரைவில் போதுமான காலி இடம் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்டேஜிங் 60 ஜிபி என்றால் டி-யில் 60 ஜிபிக்கு மேலேயே வேண்டும், ஏனென்றால் ஒரு டிரைவிலிருந்து இன்னொன்றுக்குப் போவது உண்மையான நகல்தான். பிறகு செட்டிங்ஸில் மாட்ஸ் தாவலுக்குப் போங்கள். அங்கே ஸ்டேஜிங் ஃபோல்டரின் பாதைக்குப் பக்கத்தில் சஜெஸ்ட் என்று ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் கேம் இருக்கும் டிரைவிலேயே 'வோர்டெக்ஸ் மாட்ஸ்' என்ற பெயரில் ஓர் இடத்தை அதுவே பரிந்துரைக்கும். பெரும்பாலும் அதை ஏற்றுக்கொண்டால் போதும். அப்ளை கொடுத்தால் பழைய இடத்திலிருந்து எல்லாவற்றையும் அதுவே நகர்த்தும். கொஞ்ச நேரம் ஆகும். அது முடியும்வரை வேறு எதையும் தொடாதீர்கள், லேப்டாப் என்றால் சார்ஜரில் போட்டுவிடுங்கள்.

நீங்களே பாதையைத் தட்டச்சு செய்வதாக இருந்தால் ஒன்று கவனிக்க வேண்டும். பாதையில் நெளிவு அடைப்புக்குறிக்குள் கேம் என்ற சொல் இருக்கும். அது எழுத்துப்பிழை இல்லை. ஒவ்வொரு கேமுக்கும் அதன் பெயரை வோர்டெக்ஸ் அங்கே நிரப்பிக்கொள்ளும். அதை அழித்துவிட்டு நாளைக்கு ஃபால்அவுட் 4-க்கும் அதே பாதையைக் கொடுத்தால் இரண்டு கேமின் மாட்களும் ஒரே இடத்தில் மோதும். இலக்கு ஃபோல்டர் காலியாகவும் இருக்க வேண்டும்.

நகர்த்தி முடிந்ததும் அதே பக்கத்தில் டிப்ளாய்மென்ட் முறை ஹார்ட்லிங்க் என்று இருக்கிறதா பார்த்து, டிப்ளாய் கொடுங்கள். சிம்லிங்க் (ஃபைல் இருக்கும் பாதையை மட்டும் சுட்டும் தொடர்பு) என்று இன்னொரு முறையும் தென்படலாம். டிரைவ் தாண்டி வேலை செய்யும் என்று ஆசை காட்டும், ஆனால் அட்மின் உரிமை கேட்கும், ஸ்கைரிம் குடும்பத்து கேம்களுக்கு ஒத்துவராது. அந்தப் பக்கம் போகாதீர்கள்.

வேலை நடந்ததா என்று உறுதி செய்ய எனக்குப் பிடித்த வழி ஒன்று. கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து, எஃப்எஸ்யுடில் கட்டளையில் ஹார்ட்லிங்க் லிஸ்ட் (fsutil hardlink list) என்று கொடுத்து, டேட்டா ஃபோல்டரில் இருக்கும் ஏதாவது ஒரு மாட் ஃபைலின் பாதையைச் சேருங்கள். இரண்டு வரி வந்தால் ஒன்று கேமில் இருக்கும் பெயர், மற்றது ஸ்டேஜிங்கில் இருக்கும் பெயர். ஒரே வரி வந்தால் அந்த ஃபைலுக்கும் வோர்டெக்ஸுக்கும் தொடர்பில்லை.

இந்த இடத்தில் என் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஹார்ட்லிங்க் என்றால் என்னவென்று தெரியாத காலத்தில், ஸ்டேஜிங் ஃபோல்டரும் டேட்டா ஃபோல்டரும் ஒரே அளவு காட்டுவதைப் பார்த்து, 'எல்லாம் இரண்டு தடவை இருக்கிறது' என்று நானே முடிவுகட்டி, ஸ்டேஜிங்கை மொத்தமாக அழித்தேன். டிரைவில் காலி இடம் கூடவே இல்லை. கூடாதுதான்: ஒரு பெயரை அழித்தால் இன்னொரு பெயர் இருக்கும்வரை உள்ளடக்கம் அங்கேயேதான் இருக்கும். அப்போதாவது சந்தேகப்பட்டிருக்கலாம். அடுத்து மேனேஜரைத் திறந்தபோது, மூல ஃபைல்கள் காணவில்லை, என்ன செய்யட்டும் என்று கேட்டது. படிக்காமல் ஒன்றை அழுத்தினேன். கேமில் இருந்ததும் போனது. எக்ஸ்புளோரர் ப்ராப்பர்ட்டீஸில் காட்டும் அளவு பெயர்களைத்தான் கூட்டுகிறது. உண்மையான அளவு தெரிய வேண்டுமானால் டிரைவின் மொத்தக் காலி இடத்தைப் பாருங்கள்.

இதற்கு இன்னொரு முகமும் உண்டு. டேட்டா ஃபோல்டரில் இருக்கும் ஒரு ஐஎன்ஐ ஃபைலை (செட்டிங்குகள் எழுதியிருக்கும் ஃபைல்) நோட்பேடில் திறந்து மாற்றினால் ஸ்டேஜிங்கில் இருப்பதும் மாறிவிடும், இரண்டும் ஒன்றுதானே. ஆனால் சில கருவிகள் வேறு மாதிரி சேமிக்கும்: புதிதாக ஒரு தற்காலிக ஃபைல் எழுதி, பழையதை எடுத்துவிட்டு, புதியதற்குப் பழைய பெயரைச் சூட்டும். அப்போது லிங்க் அறுந்துவிடும். வோர்டெக்ஸ் அடுத்த முறை வெளி மாற்றங்கள் என்று ஒரு பட்டியலைக் காட்டி, எது வேண்டும் என்று கேட்கும். அந்தப் பெட்டி வந்தால் நிதானமாகப் படியுங்கள். நீங்களே மாற்றிய ஃபைல் என்றால் புதியதை வைத்துக்கொள்ளச் சொல்லலாம். பெயரே தெரியாத நூறு ஃபைல்கள் வரிசையாக வந்தால், முதலில் கேன்சல், பிறகு யோசனை.

சரி, டவுன்லோட் ஃபோல்டர். இதற்கு அவ்வளவு கட்டுப்பாடு இல்லை. இங்கே இருப்பவை நெக்சஸ் என்ற மாட் தளத்திலிருந்து இறங்கிய 7-ஜிப், ஜிப், ஆர்ஏஆர் கட்டுகள் மட்டுமே. இன்ஸ்டால் செய்யும்போது ஒரு முறை பிரிக்கப்படும், கேம் ஓடும்போது யாரும் தொடமாட்டார்கள். அதனால் வேறு டிரைவிலோ, பழைய ஹார்டு டிஸ்கிலோ வைக்கலாம். எஸ்எஸ்டி இடத்தை இதற்கு வீணாக்கத் தேவையில்லை. வோர்டெக்ஸில் ஸ்டேஜிங் கேமுக்கு ஒன்று, ஆனால் டவுன்லோட் ஃபோல்டர் எல்லா கேமுக்கும் சேர்த்து ஒன்றுதான். உள்ளே கேம்வாரியாக அதுவே பிரித்துக்கொள்ளும். இதையும் செட்டிங்ஸில் டவுன்லோட் தாவலில்தான் மாற்ற வேண்டும். இடம் போதவில்லை என்றால் இந்தக் கட்டுகளை அழிக்கலாம், இன்ஸ்டால் ஆன மாட் கெடாது. ஆனால் ஃபோமாட் வகை மாட்கள், அதாவது இன்ஸ்டால் செய்யும்போது எந்த டெக்ஸ்சர் வேண்டும், எந்த பேட்ச் வேண்டும் என்று கேட்பவை, அவற்றின் கட்டுகளை வைத்திருங்கள். விருப்பத்தை மாற்ற நினைக்கும்போது திரும்ப வேண்டியிருக்கும்.

எங்கே வைக்கக் கூடாது என்பதுதான் அதிகம் பேருக்குத் தெரியாத பகுதி.

கேம் ஃபோல்டருக்குள் ஸ்டேஜிங்கை வைக்காதீர்கள். கேமை அன்இன்ஸ்டால் செய்து ஃபோல்டரைத் துடைக்கும் அன்று மாட்களும் சேர்ந்து போகும். வோர்டெக்ஸ் இன்ஸ்டால் ஆகியிருக்கும் ஃபோல்டருக்குள்ளும் வேண்டாம். அப்டேட் வரும்போது அந்த ஃபோல்டர் புதிதாக எழுதப்படும். புரோகிராம் ஃபைல்ஸில் எதையும் வைக்காதீர்கள். விண்டோஸ் அந்த இடத்தைத் தனியாகக் காவல் காக்கிறது. சில பழைய 32-பிட் கருவிகள் அங்கே எழுத முயன்றால், விண்டோஸ் சத்தமில்லாமல் அதை வர்ச்சுவல்ஸ்டோர் என்ற வேறொரு ஃபோல்டருக்குத் திருப்பிவிடும். கருவி எழுதிவிட்டேன் என்று சொல்லும், கேம் ஒன்றும் வரவில்லை என்று சொல்லும், நடுவில் நீங்கள் தலையைப் பிய்த்துக்கொள்வீர்கள். கேம் டி-யில் தனி ஸ்டீம் லைப்ரரியில் இருப்பது இந்த வகையில் நல்லது.

ஒன்டிரைவ் ஒத்திசைக்கும் ஃபோல்டர்களும் ஆகாது. இது ஸ்டேஜிங்குக்கு மட்டுமில்லை. ஸ்கைரிம் தன் ஐஎன்ஐ ஃபைல்களையும் சேவ்களையும் டாக்குமென்ட்ஸில் மை கேம்ஸ் என்ற ஃபோல்டரில் வைக்கிறது. விண்டோஸ் நிறுவும்போது நாம் கவனிக்காமல் சரி சொல்லிவிட்டால் டாக்குமென்ட்ஸே ஒன்டிரைவுக்குள் போய்விடும். பிறகு சில ஃபைல்கள் ஒன்டிரைவின் கிளவுடில் மட்டும் இருக்க, கணினியில் பெயர் மட்டும் நிற்கும். மாட் மேனேஜர் ஒரு இடத்தில் ஐஎன்ஐயைத் தேட, வேறு கருவி இன்னொரு இடத்தில் எழுத, செட்டிங் மாற்றியும் மாறவில்லையே என்று திணற வேண்டியதுதான். ஒன்டிரைவ் செட்டிங்ஸில் டாக்குமென்ட்ஸ் பேக்கப்பை நிறுத்துங்கள். நிறுத்திய பிறகு மை கேம்ஸ் ஃபோல்டர் எந்த டாக்குமென்ட்ஸில் கிடக்கிறது என்று பார்த்து, உள்ளூர் ஃபோல்டருக்குக் கொண்டுவாருங்கள்.

பாதை சின்னதாக இருக்கட்டும். விண்டோஸில் ஒரு ஃபைலின் முழுப் பாதைக்கு 260 எழுத்து என்ற பழைய வரம்பு இன்னும் உயிரோடு இருக்கிறது. 2016-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1607 பதிப்பிலிருந்து இதைத் தளர்த்த ஒரு அமைப்பு உண்டு, ஆனால் அதை ஏற்கும்படி எழுதப்பட்ட நிரல்களுக்கு மட்டுமே பலன். அனிமேஷன் மாட்கள் ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்று ஆழமாக இறங்கும், மாட்டின் பெயரே அறுபது எழுத்து இருக்கும். அதனால் ஸ்டேஜிங் டிரைவின் மேல்மட்டத்திலேயே இருந்தால் நிம்மதி.

நம்மவர்களுக்கென்று ஒன்று: விண்டோஸில் யூசர் பெயரைத் தமிழில் வைத்திருந்தால், அல்லது ஃபோல்டருக்குத் தமிழில் பெயர் வைத்தால், பழைய மாட் கருவிகள் தடுமாறும். யூனிகோட் வருவதற்கு முந்தைய விண்டோஸ் எழுத்துத் தொகுப்புகளில் தமிழுக்கு இடமே இருந்ததில்லை. அந்த வழியில் எழுதிய கருவிகள் தமிழ் எழுத்தைப் பார்த்தால் கேள்விக்குறியாக மாற்றிவிடும், பாதை கிடைக்காது. கணக்கின் பெயரைப் பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றினாலும் யூசர் ஃபோல்டரின் பெயர் மாறாது. ஆப்டேட்டாவிலிருந்து ஸ்டேஜிங்கையும் டவுன்லோடையும் வெளியே எடுத்துவிட்டால் பெரும்பகுதி தொல்லை தீரும். தமிழில் பெயர் வைக்க எனக்கும் ஆசைதான், ஆனால் இந்த இடம் மட்டும் வேண்டாம்.

அடுத்து, கேம் ஃபோல்டரின் பாதை. ஸ்கைரிமுக்கு மேனேஜர் கேட்பது கேமின் இஎக்ஸ்இ ஃபைல் இருக்கும் மேல்மட்ட ஃபோல்டரை. அதற்குள் இருக்கும் டேட்டாவைக் காட்டிவிடாதீர்கள். சைபர்பங்க் 2077 போன்றவற்றில் மாட்கள் நாலைந்து வெவ்வேறு உள் ஃபோல்டர்களுக்குப் போக வேண்டியிருக்கும், அதனால் மேல்மட்டம் தெரிந்தே ஆக வேண்டும். அப்புறம், ஸ்கைரிமை எப்போதாவது சி-யிலிருந்து டி-க்கு நகர்த்தியிருக்கிறீர்களா? ஸ்டீம் ஃபைல்களை ஒழுங்காக நகர்த்திவிடும், ஆனால் விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் பழைய பாதையே நிற்கும். மாட்களைத் திருத்தும் எக்ஸ்எடிட், அவற்றை வரிசைப்படுத்தும் லூட் மாதிரி கருவிகள் ரெஜிஸ்ட்ரியைப் பார்த்து கேம் எங்கே என்று தேடுபவை. கேமின் லாஞ்சரை ஸ்டீமிலிருந்து ஒரு முறை திறந்து மூடினால் பாதை புதுப்பிக்கப்படும், ஐஎன்ஐ ஃபைல்களும் உருவாகும். மாட் போடும் முன் இதைச் செய்வது நல்ல பழக்கம்.

இப்போது மாட் ஆர்கனைசர் 2. இது ஹார்ட்லிங்க் போடுவதில்லை. கேமை இதன் வழியாகத் துவக்கும்போது, கேம் டேட்டா ஃபோல்டரைப் படிக்க முயலும் இடத்தில் குறுக்கே நின்று, மாட் ஃபைல்களும் அங்கே இருப்பது போல ஒரு தோற்றத்தைக் காட்டுகிறது. கேமை மூடினால் தோற்றமும் மறையும். உண்மையான டேட்டா ஃபோல்டர் சுத்தமாக இருக்கும். அதனால் மாட்களை கேம் இல்லாத வேறு டிரைவிலும் வைக்கலாம், அதே பார்ட்டிஷன் என்ற கட்டாயமில்லை. டி டிரைவில் இடமே இல்லை என்றால் மாறுவதற்கு இது ஒரு நியாயமான காரணம்.

விலையும் உண்டு. கேமை ஸ்டீமிலிருந்து நேராகத் திறந்தால் ஒரு மாட்டும் வராது. எக்ஸ்எடிட், பாத்திரங்களின் உடல் வடிவை மாற்றும் பாடிஸ்லைடு எல்லாவற்றையும் இதற்குள்ளிருந்தே துவக்க வேண்டும். அவை புதிதாக எழுதும் ஃபைல்கள் பொதுவாக ஓவர்ரைட் என்ற ஃபோல்டரில் சேரும், அவ்வப்போது அதை ஒரு மாட்டாக மாற்றி ஒதுக்கிவைக்க வேண்டும். இந்தத் தோற்றம் டேட்டா ஃபோல்டருக்குத்தான். எஸ்கேஎஸ்இ (கேமின் ஸ்கிரிப்ட் வசதியை விரிவாக்கும் கருவி) லோடர் போல கேமின் மேல்மட்ட ஃபோல்டருக்குப் போக வேண்டியவற்றைப் பொதுவாகக் கையால்தான் போட வேண்டும்.

பாதை என்று பார்த்தால் இதில் பேஸ் டைரக்டரி ஒன்றுதான் முக்கியம். மாட்ஸ், டவுன்லோட்ஸ், ப்ரொஃபைல்ஸ், ஓவர்ரைட் எல்லாம் அதற்குக் கீழே தானாக வரும். முதல் முறை திறக்கும்போது போர்ட்டபிளா குளோபலா என்று கேட்கும். குளோபல் என்றால் மறுபடியும் ஆப்டேட்டா பக்கம் போகும், பல கேம்களை ஒரே நிறுவலில் நடத்தலாம். ஒரு கேம் மட்டும் என்றால் நான் போர்ட்டபிளைத்தான் சொல்வேன். எல்லாம் ஒரே ஃபோல்டரில் இருக்கும், மொத்தமாக வேறு டிரைவுக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். கருவிகளின் பாதைகளை மட்டும் திருத்தினால் போதும். பேஸ் டைரக்டரியைப் பிறகு மாற்றினால் வோர்டெக்ஸ் மாதிரி ஃபைல்களை இது நகர்த்தித் தரும் என்று நம்பியிருக்காதீர்கள். மேனேஜரை மூடிவிட்டு நீங்களே நகர்த்த வேண்டும். டவுன்லோட்ஸில் ஒவ்வொரு கட்டுக்கும் பக்கத்தில் மெட்டா என்று முடியும் ஒரு சின்ன ஃபைல் இருக்கும். மாட்டின் எண்ணும் பதிப்பும் அதில்தான் இருக்கிறது, குப்பை என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

என் கருத்து: உங்கள் பிரச்சினை மேனேஜரில் இல்லை, ஒரு பாதையில் இருக்கிறது. டி-யில் இடம் இருந்தால் ஸ்டேஜிங்கை நகர்த்திவிட்டு வோர்டெக்ஸிலேயே விளையாடுங்கள். மாட் எண்ணிக்கை இருநூறைத் தாண்டி, எது எதை மீறுகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கும் ஆசை வந்தால் அப்போது மாறலாம். அப்படி மாறும் நாளில் வோர்டெக்ஸில் முதலில் பர்ஜ் கொடுங்கள், டேட்டா ஃபோல்டரில் கேமின் சொந்த ஃபைல்கள் மட்டுமே மிச்சம் என்று உறுதி செய்யுங்கள், பிறகு வோர்டெக்ஸின் டவுன்லோட் ஃபோல்டரில் இருக்கும் கட்டுகளை மாட் ஆர்கனைசரில் ஒவ்வொன்றாக இன்ஸ்டால் செய்யுங்கள். திரும்ப எதையும் இறக்க வேண்டியதில்லை. ஒரே கேமை இரண்டு மேனேஜர்களும் ஒரே நேரத்தில் ஆள விட்டுவிடாதீர்கள்.